எம்.பி. வந்தால் எதைக் கேட்பது?

வாசகர் கேள்வி - பதில்

என் மகள் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். லேப் என்று போர்டு மாட்டிய அறை ஒன்று இருக்கிறது, உள்ளே உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் எங்கள் எம்.பி. ஊருக்கு வருகிறார். ‘பள்ளிக்கூடம் மாநில அரசுடையது, எம்.பி.யிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது’ என்கிறார் என் கணவர். அப்படியா?
*- ஓர் அம்மா, அரூர்*

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. ஆசிரியர் நியமனம், சம்பளம், இடமாறுதல் எல்லாம் மாநில அரசின் கையில்தான். ஆனால் 1976-இல் 42-ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனதிலிருந்து டெல்லிக்கும் அதில் பாத்தியதை உண்டு. அதை விடுங்கள், உங்களுக்கு இப்போது வேண்டியது லேப்.

தொகுதி மேம்பாட்டு நிதி என்று எம்.பி. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கீடு. கேட்கப் பெரிய தொகைதான், ஆனால் நம் ஊரில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 5 கோடி. பணம் எம்.பி. கைக்கு வராது, அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் தரப்பில் பரிசீலித்து அனுமதி கொடுப்பார்கள். அதுவும் கட்டடம், லேப், கழிப்பறை, சுற்றுச்சுவர் மாதிரி நிலைத்து நிற்கிற காரியங்களுக்குத்தான். சம்பளமோ மாதாமாதம் ஆகும் செலவோ அதில் வராது, அதனால் ‘பிசிக்ஸ் வாத்தியார் போட்டுத் தாருங்கள்’ என்று அவரிடம் மனு கொடுத்தால் மனு குப்பைக்குத்தான் போகும்.

மனு எழுதுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘எங்கள் பள்ளிக்கு அடிப்படை வசதிகள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதினால் உதவியாளர் வாங்கிக் கட்டோடு கட்டாக வைத்துவிடுவார். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: பிளஸ் ஒன், பிளஸ் டூ சயின்ஸ் குரூப்பில் இத்தனை பேர், லேப் அறை இத்தனைக்கு இத்தனை அடி, தண்ணீர்க் குழாய் இல்லை, மேஜை இல்லை, செலவு மதிப்பீடு இவ்வளவு. கூடவே பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல், தலைமை ஆசிரியர் கடிதம், அறையின் போட்டோ இரண்டு. மனுவின் ஒரு நகலைக் கலெக்டர் அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

‘இந்த வருஷ நிதி முடிந்துவிட்டதே’ என்பார்கள். சொல்லட்டும். மாநிலங்களவை எம்.பி. தான் தேர்வான மாநிலத்தில் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம், தமிழ்நாட்டுக்கு அப்படி 18 பேர் இருக்கிறார்கள். பெரும்பாலான ஊர்க்காரர்கள் அவர்களிடம் போவதே இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நுழைவாயில் வளைவு கட்டித் தருகிறோம் என்று யாராவது ஆரம்பித்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

எம்.பி. சிபாரிசில் கேந்திரிய வித்யாலயாவில் சீட் வாங்க முடியுமா?
*- ஒரு தந்தை, திருநெல்வேலி*

முடியாது. முன்பு எம்.பி. ஒருவருக்கு வருஷத்துக்கு 10 சீட் இருந்தது, 2022-இல் எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் எம்.பி.க்களுக்கே அது நிம்மதி. பத்துப் பேருக்குக் கொடுத்து நூறு பேரின் பகையை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டேன் என்று எம்.பி.க்கள் பேஸ்புக்கில் போடுகிறார்கள். முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் கேட்கிறேன், அதனால் ஒரு பள்ளிக்கூடத்துக்காவது ஒரு சாக்பீஸ் வந்திருக்கிறதா?
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி*

கோபம் புரிகிறது ஐயா. ஆனால் உங்களுக்குத் தெரியாததா, கேள்வித்தாள் எப்படியோ விடைத்தாளும் அப்படித்தான். ‘உயர்நிலைக் கல்வியை மேம்படுத்த அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது?’ என்று கேட்டால், கல்வி பொதுப்பட்டியலில் இருக்கிறது, பள்ளிகளில் பெரும்பாலானவை மாநில அரசுகளின் கீழ் வருகின்றன என்று ஆரம்பித்து நாலு திட்டங்களின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

அதையே, ‘பள்ளிக் கல்விக்கான மத்தியத் திட்டமான சமக்ர சிக்‌ஷாவில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளின் லேப்களுக்குத் தமிழ்நாட்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் மாவட்டவாரியாக எவ்வளவு ஒப்புதல், எவ்வளவு விடுவிப்பு, எத்தனை கட்டி முடிந்தன?’ என்று கேட்டுப் பாருங்கள். எண்ணைக் கொடுத்தாக வேண்டும், அல்லது விவரம் இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் வாய்மொழிப் பதிலுக்கு, அதுவும் குலுக்கலில், அதிலும் சபையில் நேரம் கிடைப்பது சிலவற்றுக்கே. ஆனால் எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகள் வரை போகலாம், பதில்கள் மக்களவை இணையதளத்திலேயே ஏறிவிடும். ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி, கண்காணிக்க ஒரு குழுவும் உண்டு.

இதைவிட உள்ளூரில் பலன் தருவது திஷா கூட்டம். மத்தியத் திட்டங்களை மாவட்டத்தில் கண்காணிக்கிற குழு அது, தலைவர் எம்.பி., உறுப்பினர் செயலர் கலெக்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். சமக்ர சிக்‌ஷாவும் அதில் வரும். எல்லாத் துறை அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும்போது ‘போன கூட்டத்தில் சொன்ன அந்தக் கழிப்பறை என்ன ஆச்சு’ என்று எம்.பி. முதன்மைக் கல்வி அலுவலரைப் பார்த்துக் கேட்டால், மறுநாள் காலையில் அந்தப் பள்ளிக்கு ஜீப் போகும். தயாரிப்போடு வருகிற எம்.பி.க்குத்தான் இது நடக்கும். நீங்கள் முப்பது வருஷம் பார்த்தவர், அந்தத் தயாரிப்பை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாமே?

சமக்ர சிக்‌ஷா பணத்தையே நிறுத்தி வைத்தார்களே, அப்போது எம்.பி.க்களால் என்ன செய்ய முடிந்தது?
*- ஒரு வாசகர், சேலம்*

2024-25-க்கான 2,152 கோடி ரூபாயைச் சொல்கிறீர்கள். அந்தத் திட்டத்தின் செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். முன்மாதிரிப் பள்ளிகளுக்கான மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டால் தேசியக் கல்விக் கொள்கையையும் ஏற்க வேண்டும் என்பதால் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை, இந்தப் பக்கம் சமக்ர சிக்‌ஷா பணம் நின்றது. சபையில் கத்தினார்கள், வெளிநடப்புச் செய்தார்கள், டிவியில் அதுதான் வந்தது. டிவியில் வராதது ஒன்று உண்டு: கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. இரண்டு அவைகளிலிருந்தும் 31 பேர், எல்லாக் கட்சியும் உண்டு. திக்விஜய் சிங் தலைமையிலான அந்தக் குழு 2025 மார்ச்சில், பிஎம் ஸ்ரீயில் சேரவில்லை என்பதற்காக இந்தப் பணத்தை நிறுத்துவது நியாயமில்லை, விடுவியுங்கள் என்று அறிக்கையில் எழுதியது. அரசைக் கட்டுப்படுத்தாது, உண்மைதான். ஆனால் ஆளுங்கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருக்கிற ஒரு குழு எழுதிக் கொடுத்த வாக்கியத்துக்கு மேடைப் பேச்சைவிட எடை அதிகம். உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பாருங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் ஏன் எட்டாம் வகுப்போடு நிற்கிறது? எம்.பி. ஒருவர் தனிநபர் மசோதா கொண்டுவந்து பிளஸ் டூ வரை நீட்டிக்க முடியாதா?
*- கல்லூரி மாணவி, மதுரை*

2002-இல் அரசியலமைப்பில் சேர்த்த 21ஏ பிரிவே ஆறு முதல் பதினான்கு வயது வரை என்றுதான் சொல்கிறது, 2009 சட்டம் அதன் வழியில் வந்தது. பதினான்கு வயது என்றால் எட்டாம் வகுப்பு. அதற்கு அடுத்த ஜூனில்தான் விஷயமே இருக்கிறது. எட்டாவது முடித்த பையனை அப்பா பட்டறைக்குக் கூட்டிப்போகிறார், பெண்ணுக்கு வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை வருகிறது, ஹைஸ்கூல் பக்கத்து ஊரில் என்றால் பஸ் ஒரு காரணம். சரியாக அந்த இடத்தில் சட்டம் கையை விட்டுவிடுகிறது. மத்திய அரசின் மதிய உணவுத் திட்டமும் எட்டோடு சரி, தமிழ்நாட்டில் பத்தாவது வரை சோறு போடுவது மாநில அரசு.

தனிநபர் மசோதாவை அமைச்சராக இல்லாத எந்த எம்.பி.யும் கொண்டுவரலாம், வெள்ளிக்கிழமை மதியம் அதற்கு நேரம் உண்டு. இதுவரை சட்டமானவை மொத்தம் 14, கடைசியாக 1970-இல். இது அரசியலமைப்புத் திருத்தமாகவும் இருக்க வேண்டும் என்றால், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேறு தேவை. ஆனாலும் கொண்டுவரலாம் என்பேன், விவாதம் வந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையே மூன்று முதல் பதினெட்டு வயது வரை என்று பேசுகிறது, அதைச் சட்டமாக எழுதுங்கள் என்று அவர்கள் வாய்ச்சொல்லை வைத்தே கேட்கலாம்.

அதுவரை சின்னதாக ஒன்று. எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசின் உதவித்தொகை. 2017-இல் 500-ஐ 1,000 ஆக்கினார்கள். அந்த ஆயிரத்துக்கு இன்று என்ன வாங்க முடியும் என்று உங்கள் எம்.பி.யை ஒரு கேள்வி போடச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் தெருவில் எட்டாவது படிக்கிற பிள்ளை அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ இருந்து, வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் என்றால், இந்த வருஷம் விண்ணப்பம் போட்டாச்சா என்று இன்று சாயங்காலமே விசாரித்துவிடுங்கள்.