டியூப்லைட்டில் எடுத்தால் பட்டை ஓடுவது ஏன்?

கடைக்குள் எடுத்த குறும்படக் காட்சியில் கருப்புப் பட்டை ஓடுகிறது, கேமரா பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பழுதில்லை. ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/60 நொடியில் வைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வினை அங்கேதான். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/60 நொடியில் அந்த மினுக்கல் முழு எண்ணிக்கையில் அடங்காது, 1/50-ல் சரியாக இரண்டு அடங்கும். அதனால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். வெளிச்சம் அதிகமென்றால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) குறையுங்கள், அல்லது லென்ஸுக்கு முன் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். ஷட்டரை 1/100-ஐ விட வேகமாக வைக்க வேண்டாம். டிம்மர் போட்ட மலிவு எல்இடி மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது, அதை அணைத்துவிடுவதே நல்லது. முதலில் பத்து நொடி எடுத்துப் பெரிய திரையில் பார்த்துவிட்டு நடிகர்களைக் கூப்பிடுங்கள்.

எடுத்ததைக் காப்பாற்ற, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் கட்டணப் பதிப்பில், மினுக்கலைக் குறைக்கும் டிஃப்ளிக்கர் வசதி உண்டு. மெல்லிய பட்டை மறையும். முகத்தில் அழுத்தமாக விழுந்ததை மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.