பெட்டியில் கீறலே இல்லை, ஆம்ப் ஏன் வளைந்தது?

கேள்வி: நான் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என்னுடைய ஆம்ப்ளிஃபையர் ரேக்கில், அதாவது கருவிகளை அடுக்கடுக்காகத் திருகிப் பூட்டும் சட்டத்தில், பொருத்தும் வகையைச் சேர்ந்தது. இரண்டு யூனிட் உயரம் (ஏறக்குறைய 9 செ.மீ.), 17 கிலோ எடை. கெட்டியான பிளாஸ்டிக் ரேக் கேஸ் ஒன்றில் அதைப் பூட்டி வேனில் எடுத்துச் செல்கிறோம். ஆறு மாதங்களுக்குள் ஆம்பின் முன்பலகை கீழ்ப்பக்கத்தில் முன்னோக்கி வளைந்துவிட்டது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. இதைவிட உறுதியான பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டுமா?

பதில்: உங்கள் பெட்டி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் அடியைத் தடுப்பது மட்டுமே அதன் வேலையாக இருந்தது. உங்கள் ஆம்பை வளைத்ததோ வெளியிலிருந்து வந்த அடி அன்று, ஆம்பின் சொந்த எடை. ஆகவே இதைவிடக் கெட்டியான பெட்டியை வாங்கினாலும், உள்ளே ஆம்பைத் தாங்கும் முறை மாறாதவரை இதே வளைவு மறுபடியும் வரும்.

முன்பலகையின் இரு ஓரங்களிலும் துளைகளோடு நீண்டிருக்கும் பட்டைகளைக் காது என்று சொல்வோம். அந்தக் காதுகளை ரெயிலில், அதாவது பெட்டிக்குள் இருபுறமும் செங்குத்தாக நிற்கும் துளையிட்ட உலோகப் பட்டைகளில், நான்கு திருகுகளால் முடுக்கிவிட்டால் ஆம்ப் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். உண்மையில் அது சுவரில் அடித்த அலமாரிப் பலகை போல, முன்னால் பிடிக்கப்பட்டுப் பின்னால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆம்பின் எடை முன்பலகையிலிருந்து 22 செ.மீ. பின்னால் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மர் பின்பக்கம் இருந்தால் தூரம் இன்னும் கூடும். இரண்டு யூனிட் பலகையில் மேல் திருகுக்கும் கீழ் திருகுக்கும் இடைவெளி வழக்கமாக 7.6 செ.மீ. பின்பக்கம் கீழே தாழ முயலும்போது பலகையின் மேல்பகுதி ரெயிலில் அழுந்துகிறது, கீழ்ப்பகுதி ரெயிலை விட்டு முன்னால் பிதுங்கப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்தக் கீழ்த் திருகுகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோ எடைக்கு நிகரான இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும் நொடியில் அந்த இழுப்பு இரண்டு, மூன்று மடங்காகிவிடும். உங்கள் பலகை கீழ்ப்பக்கத்தில், அதுவும் முன்னோக்கி வளைந்ததன் காரணம் இதுதான்.

எனவே பெட்டி பார்க்கப் போகும்போது, வெளிச்சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் பின்மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின்பக்கமும் ஒரு ஜோடி ரெயில் இருக்கிறதா? உங்கள் ஆம்பின் பின்புறத்தில் தாங்கிப் பட்டைகள் பொருத்துவதற்கான துளைகள் இருந்தால், அந்த ரெயிலோடு சேர்த்து முடுக்கிவிடலாம்; எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. துளைகள் இல்லையென்றால், ஆம்பின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் எல் வடிவக் கோணப்பட்டைகளைப் பக்கச் சுவர்களில் பொருத்தி, எடையை அவற்றின்மேல் இறக்கலாம். ரேக் தட்டு ஒன்றை வாங்கி அதன்மேல் ஆம்பை வைப்பதும் உண்டு. ஆனால் தட்டு பெரும்பாலும் ஒரு யூனிட் இடத்தை விழுங்கிவிடும், முன்னால் மட்டும் திருகப்படும் தட்டு பழைய சிக்கலையே ஓர் அடுக்கு கீழே தள்ளிவைக்கிறது. செலவே செய்ய முடியாத நிலையில், ஆம்பை எல்லாவற்றுக்கும் கீழ் அடுக்கில் பொருத்தி, அதன் பின்பாதிக்கும் பெட்டியின் தளத்துக்கும் இடையே கெட்டியான ஃபோம் கட்டை ஒன்றை இறுக்கமாக வெட்டி வையுங்கள். அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகள் இருந்தால் அவற்றை மறைக்காதபடி வெட்ட வேண்டும்.

இப்போதைய பெட்டியில் இந்த வேலைகளைச் செய்ய முடியுமானால் புதிய பெட்டியே தேவையில்லை என்பது என் கருத்து. வளைந்த பலகையை முதலில் நிமிர்த்துங்கள். வளைந்த காதைத் திருகின் பலத்தால் ரெயிலோடு இழுத்து ஒட்டவைத்தால், சேஸிஸ் (ஆம்பின் உலோக உடற்கூடு) முறுக்கிக்கொண்டு உள்ளேயிருக்கும் சர்க்கியூட் போர்டின் பற்றவைப்புகள் விரிசல் விடும்.

புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால் அளவுகளைப் பற்றிச் சொல்கிறேன். அகலத்தில் சிக்கல் வராது: ரேக் பலகைகள் எல்லாமே 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. உயரமும் ஒரு யூனிட்டுக்கு 44.45 மி.மீ. என்று வகுக்கப்பட்டிருக்கிறது. ஆழத்துக்கு மட்டும் அப்படி ஒரு பொது அளவு கிடையாது. ஆம்பின் விவரக்குறிப்பில் அச்சிட்டிருக்கும் ஆழம் பெரும்பாலும் சேஸிஸின் ஆழமே. பின்னால் செருகும் ஸ்பீக்கர் பிளக்கும், மின்கம்பி வளைந்து இறங்கும் இடமும் அதில் சேராது. அதற்காக 7 அல்லது 8 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். முன்னாலும் குமிழ்கள் மூடியில் இடிக்காத அளவுக்கு ரெயில் உள்வாங்கியிருக்க வேண்டும். நான் முதன்முதலில் வாங்கிய பெட்டி, பிளக்கைச் செருகியிருந்தால் பின்மூடி பூட்டாத அளவுக்கு ஆழம் குறைந்தது. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டச் சலித்துக்கொண்டு, மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகப் பழகினேன். ஒருநாள் சாரல் அடித்தபோது அந்தப் பழக்கத்தின் விலை எனக்குத் தெரிந்தது. பூட்ட முடியாத மூடி, மூடி இல்லாததற்குச் சமம்.

பெட்டியின் பொருளைப் பொறுத்தவரை, வார்ப்பு பாலிஎத்திலீன் பெட்டி எடை குறைந்தது, அடிபட்டால் கொஞ்சம் அமுங்கி மீளும், சாரலைத் தாங்கும். அலுமினிய விளிம்பும் இரும்பு மூலைக் குமிழ்களும் வைத்த பிளைவுட் பெட்டி கனமானது; ஆனால் வளைந்துகொடுக்காது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், உடைந்த பூட்டையோ கைப்பிடியையோ மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிற குழுவினரின் பெட்டிகளோடு சேர்ந்து வேனில் அடுக்கப்படும் என்றால் நான் பிளைவுட்டையே சொல்வேன். காரின் பின்னிருக்கையில் வைத்து நீங்களே தூக்கிச் செல்வதானால், கனத்தைச் சுமந்து முதுகை வருத்த வேண்டாம், வார்ப்புப் பெட்டி போதும்.

இன்னும் ஒன்று. திருகுகளில் எம் 6 என்றும் 10-32 என்றும் இரு வகைகள் பரவலாகப் புழங்குகின்றன. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் மரை வேறு. ஒன்றுக்கு மற்றொன்றை வலிந்து முடுக்கினால் ரெயிலின் மரை அழிந்துவிடும். பெட்டியோடு வந்த திருகு எந்த வகை என்று பார்த்து, அதே வகையில் நான்கைந்தை நைலான் வாஷரோடு பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய வால்வு ஆம்ப். ரப்பர் தாங்கிகளில் உட்சட்டம் மிதக்கும் அதிர்வுதாங்கிப் பெட்டிதான் வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது அவசியமா?

பதில்: வால்வு ஆம்பைப் பொறுத்தவரை உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட் திறனுக்காக 14 வால்வுகளையும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களையும் சுமந்தது. ஸ்பீக்கர் நீங்கலாக அதன் தலைப்பகுதியே 35 கிலோவைத் தாண்டும். இத்தகைய ஆம்பில் கண்ணாடிக் குமிழுக்குள் நுண்ணிய உலோகக் கம்பிகளும் வலைகளும் நிற்கின்றன. ஒரே ஒரு பெரிய அடியைவிட, மணிக்கணக்கில் ஓயாமல் நடுங்கும் சிறிய அதிர்வே அவற்றைத் தளர்த்துகிறது. வால்வுகள் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலெழுவதும் அதனால்தான்.

ஆனால் அந்த ரப்பர் தாங்கிகள் குறிப்பிட்ட எடை வரம்புக்கென்று செய்யப்படுபவை. வரம்புக்கு மிகக் குறைந்த எடையை ஏற்றினால் ரப்பர் அமுங்காது, அதிர்வு அப்படியே உள்ளே போய்விடும். மிகுந்த எடையை ஏற்றினால் உட்சட்டம் அடிவரை இறங்கி வெளிச்சுவரில் இடிக்கும். ஆகவே ஆம்பையும் உடன் வைக்கப்போகும் மற்றக் கருவிகளையும் எடைபோட்டு, மொத்த எடையை விற்பவரிடம் சொல்லி வாங்குங்கள். உட்சட்டம் அசைய இடம் வேண்டியிருப்பதால் பெட்டி எல்லாப் பக்கமும் பெருத்திருக்கும். உங்கள் வண்டியின் கதவை அளந்துகொள்ளவும் மறக்காதீர்கள்.

நிகழ்ச்சி முடிந்த கையோடு சூடான வால்வுகளைத் தூக்கிப் பெட்டியை மூடிவிடாதீர்கள். சூட்டில் இளகியிருக்கும் உள்ளுறுப்புகள் அந்த நேரத்து அதிர்வை எளிதில் தாங்குவதில்லை. கம்பிகளைச் சுருட்டி முடிக்கும் 15 நிமிடம் ஆறவிடுங்கள். வாசிக்கும்போது முன்மூடி, பின்மூடி இரண்டும் கழன்றிருக்க வேண்டும். வால்வு ஆம்புக்கு மேலே ஒரு யூனிட்டாவது காலியாக இருப்பது நல்லது. குளிர்ந்த வண்டியிலிருந்து வெதுவெதுப்பான அரங்குக்குள் கொண்டுவந்தால், உலோகத்தில் படியும் ஈரம் உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

கேள்வி: என் ஆம்ப் கிளாஸ் டி வகை, எடை 3 கிலோகூட இல்லை. எனக்கும் ரேக் கேஸ் வேண்டுமா?

பதில்: தனியாக அதை மட்டும் எடுத்துச் செல்வதானால் வேண்டாம். நல்ல பஞ்சுப் பையே போதுமானது. டியூனரும் கம்பியில்லா ரிசீவரும் அதனோடு நிரந்தரமாக இணைந்திருக்க வேண்டுமென்றால், அந்த ஆம்புக்கென்றே தயாரிப்பாளர் தனியாக விற்கும் காதுகள் கிடைக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மூன்று அல்லது நான்கு யூனிட் பெட்டியை வாங்கலாம். எடை குறைந்த பெட்டியை ஸ்பீக்கரின் மேல் வைத்து வாசிக்கும்போது, தாழ்ந்த சுரங்களின் அதிர்வில் அது மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும் என்பதால், அடியில் ரப்பர் கால்கள் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: விமானத்தில் அனுப்ப எந்தப் பெட்டி ஏற்றது? ஏ.டி.ஏ. பெட்டி என்று விளம்பரங்களில் பார்க்கிறேன்.

பதில்: ஏ.டி.ஏ. 300 என்பது விமானச் சரக்குப் பொதிகளுக்காக அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கம் (ஏ.டி.ஏ.) வகுத்த ஒரு விதிமுறை. அதன் முதல் பிரிவுப் பெட்டி, போக வர என்று குறைந்தது 100 பயணங்களைத் தாங்க வேண்டும். இது பெட்டியைப் பற்றிய உறுதிமொழி மட்டுமே. முதல் வாசகருக்குச் சொன்னது போல, உள்ளே பின்தாங்கல் இல்லாத ஆம்பை அது காப்பாற்றாது. எடையையும் பாருங்கள்: பயணப் பெட்டியாக ஏற்றப்படும் ஒரு பொதிக்கு 32 கிலோ என்பது விமான நிறுவனங்கள் பரவலாக வைத்திருக்கும் மேல்வரம்பு. பிளைவுட் ரேக் கேஸ் வெறுமையாகவே 10 கிலோ அளவுக்கு வந்துவிடும். 17 கிலோ ஆம்பைச் சேர்த்தால் மிஞ்சுவது 5 கிலோ. மின்கம்பிகளையும் மற்றக் கருவிகளையும் அதற்குள் அடக்க முடியாவிட்டால், அவற்றை வேறு பெட்டியில் வைத்து, ஆம்பை மட்டும் இந்தப் பெட்டியில் அனுப்புங்கள்.