பரணிலிருந்து இறங்கிய சைக்கிள்: கேட்டதும் சொன்னதும்

சின்ன வயதில் ஓட்டிய சைக்கிளைத் தேடியெடுத்து மறுபடி ஓட வைப்பது பற்றிக் கேளுங்கள் என்றேன், குவித்துவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். சைக்கிளைக் கழற்றி மாட்டுவது இருபது வருடமாக எனக்குப் பொழுதுபோக்கு. விரலிடுக்கில் இருக்கும் கிரீஸ் கறைதான் சாட்சி. ஷோரூம் வண்டி மாதிரி பளபளக்க வைக்கும் வித்தை கேட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். நான் அந்தக் கட்சி இல்லை.

கேள்வி: அண்ணா, இருபத்தைந்து வருடம் கழித்து என் பழைய சைக்கிள் கைக்கு வந்திருக்கிறது. டயரில் காற்று மட்டும்தான் இல்லை. அடித்துக்கொண்டு ஒரு சுற்று போய் வரலாமா?

ஆசை புரிகிறது தம்பி, ஆனால் வேண்டாம். ஓட்டாமல் வைத்திருந்தாலும் ரப்பர் கெடும். டயரின் பக்கவாட்டை வளைத்துப் பாருங்கள், வறண்ட குளத்து மண் மாதிரி வெடிப்புத் தெரியும். பிரேக் கட்டையில் நகத்தை அழுத்துங்கள். பதியவில்லை என்றால் அது இனி ரப்பர் இல்லை, கல்.

அடுத்து ஃபிரேம். ஹேண்டில் பார் இறங்கும் முன் குழாயோடு மேல்குழாயும் கீழ்குழாயும் சேரும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பெயின்ட் சுருங்கி அலை அலையாக இருந்தால் வண்டி எப்போதோ எதிலோ நேராக மோதியிருக்கிறது. மயிரிழை போல விரிசல் ஓடினால் அதை ஓட்டும் எண்ணத்தை விட்டுவிட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

ஃபிரேம் நன்றாக இருந்தால் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு நட்டிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் தொடாதீர்கள். பிறகு கழற்றும்போது நட்டு, வாஷர் எல்லாவற்றையும் கழன்ற வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்துவிடுங்கள். டப்பாவில் போட்டால் கடைசியில் இரண்டு வாஷர் மிஞ்சும். எங்கிருந்து வந்தது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

கேள்வி: இடது பெடல் அசையவே இல்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்றும் பார்த்துவிட்டோம்.

ஏறி நின்று இறுக்கியிருக்கிறீர்கள்! இடது பெடலுக்கு மரை தலைகீழ். ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, வண்டியின் பின்பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு பெடலும் அப்படித்தான் கழலும். இதே கதை கீழே பெடல் கைகளைத் தாங்கும் கிராங்க் அச்சிலும் உண்டு: பெரும்பாலான பழைய வண்டிகளில் செயின் பக்கத்துக் கப் (குண்டுகள் உட்காரும் கிண்ணம்) இடமரை.

கேள்வி: சீட் குழாய் ஃபிரேமோடு ஒட்டிப்போய்விட்டது. சுத்தியலால் அடிக்கலாமா?

இதற்குத்தான் அதிகம் பேர் எழுதியிருந்தீர்கள். சுத்தியலை ஓரமாக வையுங்கள். முதலில் ஒரு காந்தத்தைக் குழாயில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அநேகமாக அலுமினியம். வைத்தியம் இதைப் பொறுத்து மாறும்.

இரும்புக்குள் இரும்பு என்றால் வெறும் துரு. சீட் போல்ட்டை முழுதாகக் கழற்றி, குழாயைச் சுற்றி எண்ணெய் விட்டு, காலையும் மாலையுமாக நாலைந்து நாள் காத்திருங்கள். அவசரப்படுகிறவர்களுக்கு இது கழலாது, பார்த்திருக்கிறேன். கிராங்க் அச்சைக் கழற்றியிருந்தால் ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி உள்பக்கமிருந்தும் விடலாம். மேலே இழுக்காமல் திருப்புங்கள். ஒரு மயிரிழை திரும்பினாலே பாதி வேலை முடிந்தது. சீட்டைப் பிடித்துத் திருப்பினால் வழுக்கும். குழாயின் தலையை மேசையில் பொருத்திய வைஸில் இறுக்கி, ஃபிரேமையே நெம்புகோலாக்கித் திருப்புவது நல்லது.

இரும்புக்குள் அலுமினியம் என்றால் துருவோடு நிற்காது. இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்து, இடையில் வெள்ளையாக அலுமினிய ஆக்சைடு கட்டிப்போகும். இங்கே சூடு காட்டுவது தப்பு. அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் இன்னும் இறுகும். குழாய்க்குள் ஐஸைப் போட்டுக் குளிர வைத்துத் திருப்புங்கள். எந்த உலோகமானாலும் எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பு காட்டவே கூடாது.

வெளியே வந்ததும் சொரசொரப்பைத் தேய்த்து, கிரீஸ் தடவித்தான் திரும்ப இறக்க வேண்டும். குழாயில் எல்லைக் கோடு இல்லை என்றால் குறைந்தது ஆறரை சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

கேள்வி: ஹேண்டில் பார், ரிம் எல்லாம் துரு. உப்புத்தாள் போடலாமா?

குரோம் மேல் உப்புத்தாள் பட்டால் அந்தக் கீறல் போகவே போகாது. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அது குரோமைவிட மென்மையானது, துருவை மட்டும் வழித்துக்கொண்டு வரும். கறுப்பாகக் கூழ் வழியும், பயப்படாதீர்கள். குழி விழுந்த இடத்தில் புள்ளிகள் நிற்கும். நிற்கட்டும்.

கேள்வி: ஆக்சாலிக் அமிலத்தில் ஊறப்போட்டால் துரு போகும் என்கிறார்களே, உண்மையா சார்?

போகும். லிட்டருக்கு 20 முதல் 30 கிராம், ஓர் இரவு போதும். ஆனால் அது விஷம், சிறுநீரகத்தைப் பாதிக்கும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் இருந்தால்தான் இறங்குங்கள். குழந்தையோ நாயோ பூனையோ அந்தப் பக்கம் வரவே கூடாது. அலுமினியச் சாமான்களையும், துத்தநாகம் பூசிய ஸ்போக்ஸ் கம்பிகளையும் அதில் போடாதீர்கள், பூச்சையே தின்றுவிடும். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். விட்டால் மறுநாளே புதுத்துரு.

கேள்வி: வீல் சுற்றும்போது நறநறவென்று சத்தம். டபிள்யூடி-40 அடித்தேன், இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது.

1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த கலவை அது. பெயரிலேயே அதுதான் இருக்கிறது: நீரை அகற்றும் கலவை, நாற்பதாவது முயற்சி. ஹப்புக்குள், அதாவது வீலின் நடுக்குடத்துக்குள், அடித்தால் மிச்சமிருந்த கிரீஸும் கரைந்து ஓடும். ஹப்பைப் பிரித்து ஓவராயில் பண்ணத்தான் வேண்டும். வழக்கமான பழைய ஹப் என்றால் முன் வீலில் பக்கத்துக்கு 10 பால்ஸ் (இரும்புக் குண்டுகள்), 3/16 அங்குலம். பின் வீலில் பக்கத்துக்கு 9, 1/4 அங்குலம். உங்கள் ஹப்பில் எத்தனை என்று கழற்றும்போதே எண்ணிவிடுங்கள். பால்ஸை மொத்தமாக மாற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் புதுசுதான் சுமை தாங்கும். பால்ஸை உள்ளே அழுத்திப் பிடிக்கும் கோனில் குழி இருந்தால் அதையும் மாற்றுங்கள். கிரீஸ் வைத்து, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் கோனை நிறுத்துவதற்கு நாலு தடவையாவது பிடிக்கும். எனக்கு இன்னும் அப்படித்தான்.

கேள்வி: வண்டி 26 அங்குலம். டயரும் 26 என்று போட்டதைத்தான் வாங்கினேன். ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது.

26 என்பது ஒரு சைஸ் இல்லை, ஒரு குடும்பம். 26 × 1 3/8 டயர் உட்காரும் ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1.75 என்றால் 559. நடுவில் 26 × 1 1/2, அது 584. கணக்கில் ஒன்றரையும் 1.5-உம் ஒன்றுதான், டயரில் இல்லை. பின்னத்தில் எழுதியதற்கும் புள்ளி வைத்து எழுதியதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பழைய டயரின் பக்கவாட்டில் 37-590 மாதிரி ஓர் எண் இருந்தால் அதன் பின்பாதியை மட்டும் பாருங்கள். அது ஒத்துப்போனால் டயர் ஏறும்.

கேள்வி: புதுப் பெயின்ட் அடிக்கலாமா, அப்படியே விடலாமா? வீட்டில் சண்டையே நடக்கிறது.

விடலாம் என்பவர் பக்கம்தான் நான். காரணமும் சொல்கிறேன். என் சைக்கிளை ஆர்வக் கோளாறில் பட்டறையில் கொடுத்து, மணல் வீசி உரித்து, பளிச்சென்று பச்சை அடித்து வாங்கி வந்தேன். ஓட்டிக்கொண்டு வரும் வழியில்தான் ஞாபகம் வந்தது. குரங்குப் பெடல் போட்டுத் திரிந்த நாளில் முன் ஃபோர்க்கில் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருந்தேன். சுழி பக்கம் மாறி, கோணல்மாணலாக இருக்கும். வீட்டுக்கு வந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது, சொன்னதைத்தான் செய்தார்.

அதனால் முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு மெல்லிய மெழுகு. அவ்வளவுதான். ஸ்டிக்கர் எழுத்து இருக்கும் இடத்தில் தின்னர் படவே கூடாது. அடித்தே தீருவேன் என்றால், எழுத்துகளை அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள்.

கேள்வி: கிராங்கில் காட்டர் பின் இறுகிக் கிடக்கிறது.

கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு அது. நட்டை முழுதாக எடுக்காமல், பின்னின் முனையோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே ஓர் உறுதியான அடி. சின்னச் சின்னதாகத் தட்டினால் பின் வளைந்து, பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். மாட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கமாக நுழைய வேண்டும். இல்லாவிட்டால் பெடல்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

கேள்வி: என் ஒன்பது வயது மகளுக்கு என் பழைய சைக்கிளைக் கொடுக்க ஆசை. பாதுகாப்பாக இருக்குமா அண்ணா?

இருக்கும்மா, பிரேக்கைச் சரிசெய்தால். கேபிளும் கட்டையும் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் புதுசு போடுங்கள். இரும்பு ரிம் என்றால் ஈரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது, அலுமினிய ரிம்முக்கு மாற்றினால் வித்தியாசம் தெரியும். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னே தள்ளுங்கள். பின் வீல் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். அதே அழுத்தத்தை உங்கள் மகளின் கையால் கொடுக்க முடிகிறதா என்று பார்க்க மறந்துவிடாதீர்கள். செயின் பூட்டின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். அப்புறம், பரணில் சைக்கிளோடு கிடந்த ஹெல்மெட் வேண்டாம், புதுசு வாங்குங்கள்.

கேள்வி: எந்த வருடத்து வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் கிராங்க் அச்சின் அடியில் வரிசை எண் அடித்திருக்கும். சில கம்பெனி எண்களிலிருந்து வருடம் தெரியும். பின் ஹப் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஏடபிள்யூ வகை என்றால் அதிர்ஷ்டம், ஹப்பிலேயே வருடத்தின் கடைசி இரண்டு எண் இருக்கும். அது ஹப்பின் வயசு. வீலை யாராவது மாற்றியிருந்தால் வண்டியின் வயசு வேறு.

கேள்வி: எல்லாம் முடித்துவிட்டேன். பெல் மட்டும் ‘டொக்’ என்கிறது.

மூடி எதிலோ உரசுகிறது. கழற்றி உள்ளே இருக்கும் தூசியைத் துடைத்து, பல்சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மூடியைத் திருகி, கடைசியில் அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் ‘டொக்’ என்றால் அடியில் இருக்க வேண்டிய வாஷர் இல்லை. கம்பியில் கோர்க்கச் சொன்னேனே, அங்கே தேடுங்கள்.