மருந்து ஆய்வில் போட்ட கையெழுத்து யாரைக் கட்டுப்படுத்தும்?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 66, லுங்கி நெசவாளி. பல வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் புதிய சர்க்கரை மாத்திரைக்கான ஆய்வில் அவரைச் சேர்த்தார்கள். பல பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், நகல் தரவில்லை. மூன்றாவது மாதம் கடும் வயிற்றுவலி வந்தது. கணையத்தில் வீக்கம் என்று 6 நாள் அட்மிட் செய்தார்கள். இப்போது 64,000 ரூபாய் பில் கேட்கிறார்கள். "இது மருந்தால் வந்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டதால் கேஸ் போட முடியாது. பாதியில் விலகினால் இதுவரை வாங்கிய பயணப்படியைத் திருப்பிக் கட்டணும்" என்கிறார் ஆய்வு கோ-ஆர்டினேட்டர். சொந்தக்காரர்களோ "உங்க அப்பாவைச் சோதனை எலியாக்கிட்டாங்க, லட்சக்கணக்கில் நஷ்டஈடு வாங்கலாம்" என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: கோ-ஆர்டினேட்டர் சொன்ன எதையும் அப்படியே ஏற்க வேண்டாம். சொந்தக்காரர்கள் சொல்வதிலும் பாதிதான் சரி. அவசரமானது பில் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

புதிய மருந்து ஆய்வுகளுக்கு 2019 மார்ச்சில் வந்த ‘புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள்’ பொருந்தும். அதன் 40-வது விதிப்படி, ஆய்வின்போது பங்கேற்பாளருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் ஆய்வை நடத்தும் ஸ்பான்சர், பெரும்பாலும் மருந்து கம்பெனி, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். ஆய்வு மருத்துவர் தேவை என்று கருதும் காலம் வரை, அல்லது பாதிப்புக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று நிறுவப்படும் வரை, எது முந்துகிறதோ அதுவரை இந்தப் பொறுப்பு உண்டு. மருந்தால்தான் வந்தது என்று நீங்கள் முதலில் நிரூபிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. முதலில் சிகிச்சை, தொடர்பு பற்றிய ஆராய்ச்சி அதற்குப் பிறகு. பில் கவுன்டரில் யாரோ வாயால் "தொடர்பில்லை" என்பது நிறுவுவது ஆகாது. யார், எந்தத் தேதியில், என்ன காரணத்தால் அப்படி முடிவெடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஸ்பான்சர் ஏற்க வேண்டிய செலவு அரசுக் காப்பீட்டில் போய் விழக்கூடாது. கட்டித்தான் ஆகவேண்டும் என்ற நெருக்கடி வந்தால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து, இனம் பிரித்த பில்லும் ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு திரும்பக் கேட்க அது உதவும்.

அடுத்தது கையெழுத்து. பலரைப் பயமுறுத்தி வாய் அடைக்க வைப்பது இதுதான். ஒப்புதல் படிவம் என்பது விவரம் தெரிந்து ஆய்வில் சேர்ந்தார் என்பதற்கான ஆவணம். உரிமையை விட்டுக்கொடுத்த பத்திரம் அல்ல. நீதிமன்றத்துக்கே போகமாட்டேன் என்று ஒருவரைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவின்படி செல்லாது. சொல்லப்போனால் அந்தப் படிவம் கட்டுப்படுத்துவது எதிர்த்தரப்பைத்தான். பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, நஷ்டஈடு, எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, மருந்து பலன் தராமலும் போகலாம் என்ற எச்சரிக்கை, ஆய்வு மருத்துவரையும், பங்கேற்பாளர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் (எதிக்ஸ் கமிட்டி) தலைவரையும் தொடர்புகொள்ளும் விவரம் எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். நாமினியின் பெயரும் முகவரியும் எழுதும் இடமும் உண்டு. அப்பா அங்கே யார் பெயரைச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். நினைவில்லை என்றால் அந்தப் பக்கத்தை யாரும் அவருக்கு விளக்கவில்லை என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

ஆய்வை விளக்கும் தகவல் தாளின் நகலும் கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் பங்கேற்பாளருக்குக் கொடுப்பது கட்டாயம். கொடுக்காதது அவர்கள் தவறு. படிவம் அப்பாவுக்குப் புரியும் மொழியில் இருந்ததா என்றும் பாருங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் தெலுங்கோ உருதோ மட்டும் படிக்கத் தெரிந்தவர்களிடம் தமிழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் அது முறையான ஒப்புதல் ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு நடுநிலைச் சாட்சி விளக்கம் முழுவதற்கும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். யாரோ வெறுமனே பக்கத்தில் நின்றது போதாது. சுயநினைவுள்ள ஒருவருக்குப் பதிலாகக் குடும்பத்தார் ஒப்புதல் தரவும் முடியாது.

விலகுவது பற்றி: காரணம் சொல்லாமலே விலகலாம். வந்து போனதற்காகக் கொடுத்த பயணப்படியைத் திருப்பிக் கேட்க வழியில்லை. வழக்கமான சர்க்கரை சிகிச்சையை அதற்காக மறுக்கவும் கூடாது. விலகினாலும், ஏற்கெனவே நடந்த பாதிப்புக்கான உரிமை அப்படியே இருக்கும். ஆனால் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். எந்த மருந்துக்கு மாறுவது என்று மருத்துவரிடம் கேட்டு, கடைசிப் பாதுகாப்புப் பரிசோதனையை முடித்து, மீதி மாத்திரைகளை எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

இனி நஷ்டஈடு. இங்கேதான் சொந்தக்காரர்களின் கணக்கு தவறுகிறது. ஆய்வில் இருக்கும்போது உடம்புக்கு வந்த எல்லாவற்றுக்கும் நஷ்டஈடு கிடையாது. ஆய்வு மருந்தின் பக்கவிளைவு, ஆய்வுத் திட்டத்தை மீறியது, அலட்சியம், தரவேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராதது, ஆய்வுக்காகச் செய்த பரிசோதனையால் வந்த கேடு என 41-வது விதி சொல்லும் காரணங்களில் ஒன்றுக்குள் வர வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவருக்குக் கணைய வீக்கம் வேறு காரணத்தாலும் வரலாம். பித்தப்பைக் கல், மது, ரத்தத்தில் மிகையான கொழுப்பு உண்டா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் தேடும். ஆகவே ஆய்வில் சேரும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முடிவுகளைப் பத்திரமாக வையுங்கள். அப்போது கணையம் சரியாக இருந்தது என்று காட்டும் ஒரு தாள் பெரிய சாட்சி.

தொகைக்கும் விதிகளின் 7-வது அட்டவணையில் சூத்திரம் உண்டு. மரணம் என்றால் அடிப்படை 8 லட்சம். வயதுக்கான காரணியும், நோயின் ஆபத்தைப் பொறுத்து 0.5 முதல் 4 வரையான காரணியும் அதைப் பெருக்கும். 65 வயதுக்கு மேல் என்றால் பொதுவாக 4 லட்சத்துக்கும் 32 லட்சத்துக்கும் இடையில் வரும். நிரந்தர ஊனம் 100 சதவீதம் என்றால் அந்தத் தொகையில் 90 சதவீதம். உங்கள் அப்பாவைப் போல அட்மிட் ஆகிக் குணமானவருக்குக் கணக்கே வேறு: டெல்லியின் திறன்சாராத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாள் கூலியை இரண்டு மடங்காக்கி, மருத்துவமனையில் இருந்த நாட்களால் பெருக்க வேண்டும். கணக்குக்காக நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்தால், 6 நாளுக்கு 8,400 ரூபாய். லட்சங்களை எதிர்பார்த்து வழக்குச் செலவில் இறங்காதீர்கள். உங்களுக்கு உண்மையில் மிச்சமாவது 64,000 ரூபாய் பில்தான். அதே சமயம், ஸ்கேனில் நிரந்தர பாதிப்பு தெரிந்தால் கணக்கு மாறும். குணமாகிவிட்டது என்ற சான்றில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. இன்றே ஆய்வு மருத்துவருக்கும் நெறிமுறைக் குழுத் தலைவருக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் தேதி, பில் தொகையைக் குறிப்பிட்டு, ஒப்புதல் படிவ நகலும் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் ஆய்வின் பதிவு எண்ணும் கேளுங்கள். முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே அந்த அரசுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிந்திருக்க வேண்டும். ஸ்பான்சர் யார், ஆய்வு எங்கெங்கே நடக்கிறது என்று அதன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். மருத்துவக் குறிப்பேடுகளுக்குத் தனியாக மனு கொடுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

கடிதத்தில் இன்னொரு கேள்வியும் கட்டாயம் இருக்கட்டும்: "இந்த அட்மிஷனைத் தீவிர பாதிப்பாக அறிவித்தீர்களா?" மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலே அது அந்த வகை. ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஸ்பான்சருக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் சொல்லியிருக்க வேண்டும். 14 நாளில் விரிவான அறிக்கை போக வேண்டும். அதன்பின் நெறிமுறைக் குழு தன் கருத்தை அனுப்பும். நஷ்டஈடு உண்டா என்று முடிவு செய்வது மத்திய அமைப்புதான், மருத்துவமனை அல்ல. உத்தரவு வந்து 30 நாளில் ஸ்பான்சர் பணம் கட்ட வேண்டும். பதில் வரவில்லை என்றால் டெல்லியிலுள்ள அந்த அமைப்புக்கு நேரடியாகப் புகாரும், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுவும் அனுப்புங்கள். அறிக்கை வந்ததா, எந்தத் தேதியில் வந்தது என்ற இரண்டு கேள்வி போதும்.

ஒரு விதிவிலக்கு: ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வைத்து மருத்துவர்கள் கல்வி நோக்கில் செய்யும் ஆய்வுக்கு மத்திய அனுமதி தேவைப்படாது. அங்கே நெறிமுறைக் குழுவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளும்தான் அடிப்படை. உங்களுடையது எந்த வகை என்பதைப் பதிவு எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழையுங்கள். வருமான வரம்புக்குள் வந்தால் அப்பாவுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பில், அனுப்பிய கடிதத்தின் நகல், ஸ்பீட் போஸ்ட் ரசீது, மாத்திரை டப்பாவில் ஒட்டியிருந்த லேபிள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.