டிரான்ஸ்மிட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. ஸ்டுடியோ ஹெட்போனில் தெளிவாக இருக்கும் குரல், ரேடியோவில் 'ம்ம்ம்' என்ற இரைச்சலோடும் மந்தமாகவும் வருகிறது, பழைய எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பொறுங்கள், அது கடைசிச் செலவு.

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக இருக்கலாம். இரைச்சல் பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைவதால் உண்டாகும் சுற்று. மிக்சரில் செருகிய லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில், நேரடி மின் தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் ஒரு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

மந்தத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ப்ரீ-எம்ஃபசிஸ் அமைப்பை. அதாவது, எஃப்எம்மில் உயர் அதிர்வெண்களைத் தூக்கி அனுப்புவார்கள், ரேடியோ அதைத் திரும்பக் குறைக்கும். ஆடியோ பிராசசர் (ஒலியைச் சீராக்கி டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பும் கருவி), டிரான்ஸ்மிட்டர் இரண்டில் ஒன்றில் மட்டும் அது இயங்க வேண்டும். இரண்டிலும் அணைந்திருந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இரண்டிலும் இயங்கினால் 'ஸ' ஒலி காதைக் கீறும். ப்ரீ-எம்ஃபசிஸுக்கு வைக்க வேண்டிய அளவு அமெரிக்கக் கண்டங்களிலும் தென் கொரியாவிலும் 75 மைக்ரோ விநாடி, மற்ற பெரும்பாலான நாடுகளில் 50.

மிக்சரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் கரகரத்தால் அதற்கென்று உள்ள கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். அப்புறம், குறைந்த பிட்ரேட்டில், அதாவது மிகவும் சுருக்கிச் சேமித்த எம்பி3 பாடல்களை எந்தப் புதுக் கருவியாலும் தேற்ற முடியாது.

பிராசசர் மாடலைச் சொல்லுங்கள், மெனுவில் எங்கே தேடுவது என்று பார்ப்போம்.