ஒரே வரியில் முடிகிற கேள்வியை ஏன் கேட்கிறார்கள்?

தம்பி, இன்டர்வியூவில் உங்களிடம் கேட்ட கேள்வி இதுதான்: நூறு பெயர் உள்ள லிஸ்ட்டை வரிசை மாற்றி, எந்தப் பெயரும் திரும்ப வராமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ரேண்டமாக ஒன்றை எடுத்து, ஏற்கெனவே வந்ததா என்று பார்த்து, வந்திருந்தால் மறுபடி எடுக்கும்படி எழுதியிருக்கிறீர்கள். தப்பு என்று சொல்ல முடியாது, ஓடும். ஆனால் கடைசிப் பெயர் மட்டும் மிச்சமிருக்கும்போது, அது விழவே சராசரியாக நூறு தடவை எடுக்க வேண்டும். நூறும் முடிய ஏறக்குறைய 519 தடவை. பத்தாயிரம் பெயர் என்றால் 98,000-ஐ நெருங்கும். "லிஸ்ட் பெரிதானால் என்ன ஆகும்?" என்று அவர் அடுத்துக் கேட்டது இதற்காகத்தான்.

பைத்தானில் ரேண்டம்.ஷஃபிள் என்று ஒரு வரி போதும். அது லிஸ்ட்டையே கலைத்துவிடும், எதையும் திருப்பித் தராது. விடையை ஒரு வேரியபிளில் வாங்கி, உள்ளே 'நன்' (None, அதாவது 'எதுவும் இல்லை') இருப்பதைப் பார்த்து விழிப்பவர்கள் ஏராளம். பழைய வரிசையும் வேண்டுமென்றால் ரேண்டம்.சாம்பிள். லினக்ஸ் ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் இடம்) இதே வேலைக்கு 'ஷஃப்' என்ற கட்டளை இருக்கிறது.

சரி, இவ்வளவு தெரிந்தால் போதுமா? என் அனுபவத்தில் ஃபிரெஷர்கள் பின்தங்குவது இதற்கு அடுத்த படியில்தான். அந்த ஒரு வரிக்குள் இருப்பது, ஃபிஷர், யேட்ஸ் என்ற புள்ளியியல் அறிஞர்கள் 1938-இல் காகிதத்தில் செய்யக் கொடுத்த முறை. 1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ப மாற்றினார். கடைசி இடத்திலிருந்து தொடங்கி, அந்த இடத்தையும் சேர்த்து இன்னும் கலைக்காத இடங்களில் ஒன்றைத் தேர்ந்து இடம் மாற்றிக்கொண்டே வர வேண்டும். பலர் ஒவ்வொரு முறையும் மொத்த லிஸ்ட்டிலிருந்தும் தேர்வு செய்துவிடுகிறார்கள். மூன்று பொருளுக்கு அப்படி 27 வழிகள் வரும். சாத்தியமான வரிசைகளோ ஆறு. 27-ஐ ஆறால் சமமாக வகுக்க முடியாதே! அதனால் சில வரிசைகள் மற்றவற்றைவிட அதிகமாக வரும். 2010-இல் ஐரோப்பாவில் மைக்ரோசாஃப்ட் காட்டிய பிரவுசர் தேர்வுத் திரையிலும், கலைக்கும் முறை வேறுவிதமாகப் பிசகி, பிரவுசர்கள் எல்லா இடத்திலும் சமமாக வரவில்லை.

இன்னொரு கோர்ஸில் சேர்க்கலாமா என்று அப்பா கேட்டிருந்தார். இப்போதைக்கு வேண்டாம். ஷஃபிளை நீங்களே எழுதுங்கள். மூன்று பொருளை 54,000 தடவை கலைத்து எண்ணிப் பாருங்கள். சரியான முறையில் ஒவ்வொரு வரிசையும் 9,000-ஐ ஒட்டி வரும். தவறான முறையில் மூன்று வரிசை 8,000 பக்கமும் மற்ற மூன்று 10,000 பக்கமும் நிற்கும். அப்புறம் ரேண்டம்.சீட் என்ன செய்கிறது என்று பாருங்கள். டெஸ்டிங் வேலைக்குப் போனால், ஒரு முறை வந்த பிழையை அதே வரிசையில் மறுபடி வரவழைக்க அது வேண்டும்.

ரெஸ்யூமில் 'பைத்தான் தெரியும்' என்ற வரியை எடுத்துவிட்டு, இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டதை எழுதுங்கள். கேட்பவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.