உப்பேறிய பவளத் தொட்டியை மீட்க முடியுமா?

கேள்வி: எங்கள் பூர்விக வீட்டின் வளவில் அப்பச்சி நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வந்த 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி உள்ளது. அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததால் இரண்டரை மாதம் குடும்பத்தோடு மதுரையில் தங்க நேர்ந்தது. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் தண்ணீர் குறையும்போதெல்லாம் உப்புக் கரைத்தே ஊற்றியிருக்கிறார். நடுவில் ஒரு நாள் முழுவதும் மின்சாரமும் இல்லை. ஒரு ஜோடி கிளௌன் மீனும் கல்லின் ஓரத்தில் சில பட்டன் பாலிப்புகளும் (பொத்தான் போன்ற சிறு பவள உயிர்கள்) மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. உப்பளவு (ஒப்படர்த்திக் கணக்கில்) 1.032 காட்டுகிறது, மணல்மேல் செந்நிறப் பாசி போர்த்தியிருக்கிறது. கற்களைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்து, ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபத்திலிருந்து புதுக் கற்களும் தொண்டியிலிருந்து கடல்நீரும் கொண்டுவந்து, புதிதாகத் தொடங்கலாமா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: முதலில், அந்தக் கற்களை அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். பட்டன் பாலிப் என்று விற்கப்படும் ஜோயாந்தஸ், பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவியோடு எழுந்து, மூச்சுத்திணறலும் காய்ச்சலுமாக வீட்டில் உள்ளவர்களை மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகும். வெளிநாடுகளில் குடும்பமாகவே பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உடல் தேறிவரும் அப்பச்சி இருக்கும் வீட்டில் இந்த ஆபத்து வேண்டவே வேண்டாம். கல்லைத் தொடும்போதும் கையுறை அணியுங்கள். தேய்க்க வேண்டுமானால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கொதிக்க வைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை நடந்த பிறகும் இரண்டு மீன்கள் நீந்துகின்றன என்றால், கல்லின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை இன்னும் நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அவற்றைக் கொன்றுவிட்டால், அந்தச் சுழற்சி மறுபடி உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன்கள் தாங்கா.

உங்கள் தொட்டி சீரழிந்ததற்கு மூல காரணம் உப்புதான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தண்ணீருக்குள் சுரண்டிவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் சிந்தினாலும் உடனே துடைத்துவிடுங்கள்.

35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) திரவத்தைக் கொண்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்த்த பின், நாள்தோறும் 10 லிட்டர் தொட்டிநீரை எடுத்துவிட்டு அதே அளவு தூய நீரை, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.001 இறங்கும், ஆறேழு நாளில் 1.026க்கு வந்துவிடலாம். ஒரே நாளில் இறக்கினால் மிஞ்சிய பாலிப்புகளும் கரைந்துபோகும். இடையில் அம்மோனியா டெஸ்ட் கிட் நிறம் மாறிக் காட்டினால் மட்டும், தொட்டியைவிடச் சற்றே குறைந்த உப்பளவில் கலந்த புதுநீரால் 60 லிட்டரை மாற்றுங்கள்.

தூய நீர் எது என்பதில்தான் நம் பக்கத்தில் பலரும் தவறுகிறார்கள். ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழைநீரைப் பித்தளை அண்டாவிலோ செம்புத் தவலையிலோ பிடித்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளுக்கு அழகு. தொட்டிக்கு அந்த நீர் ஆகாது. மிகச் சிறிதளவு செம்பே பவள உயிர்களையும் நண்டு, இறால்களையும் கொன்றுவிடும். தாது அல்லது செம்பு சேர்க்கும் குடிநீர்க் கருவியின் நீரும் வேண்டாம். ஆர்.ஓ.வோடு, எஞ்சிய தாதுக்களையும் நீக்கும் டி.ஐ. வடிகட்டியும் இணைத்து, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரை மட்டும் பிளாஸ்டிக் வாளியில் பிடித்துப் பயன்படுத்துங்கள்.

மணலைக் கிளறாதீர்கள். அடியில் கறுத்திருந்து, அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. மொத்தமாகக் கலக்கினால் மீன்கள் அன்றே செத்துவிடும். செம்பாசியை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள். நீரோட்டம் தரும் வேவ் மேக்கரைக் கழற்றிக் கழுவிப் பொருத்தி, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரை ஓடவிட்டு, விளக்கை நாளுக்கு ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். பாசிக்கு உணவாகும் பாஸ்பேட்டை ஒரேயடியாக உறிஞ்சும் மருந்துகளுக்கு அவசரப்பட வேண்டாம். உப்பு சரியான பின் வாரம் 30 லிட்டர் மாற்றிவந்தாலே பாசி படிப்படியாகப் பின்வாங்கும்.

மண்டபத்துக் கல்லைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்த பவளத்தை எடுத்தாலும் குற்றமே. சட்டம் ஒருபுறமிருக்க, அந்தப் பாறைகளுக்கு இருக்கும் துன்பமே போதும். தொண்டிக் கரை நீரும் சேறு கலங்கியது. கலவை உப்பே நம்பகமானது.

அடுத்த கோடைக்கு முன், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியுமானால் வாங்குங்கள். தண்ணீர் 26 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. அதுவரை நீர்ப்பரப்பின்மேல் விசிறி வைத்தால் இரண்டு டிகிரி குறையும், ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும். மின்சாரம் நின்றாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்பு ஒன்றை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது கண்ணாடியில் நீர்மட்டத்துக்குக் கோடு கிழித்து, "இது மட்டும்" என்று எழுதி ஒட்டிய தூய நீர்க் கேன்களை வெளியே வைத்துவிட்டு, உப்பு வாளியை அறைக்குள் பூட்டிவிட்டுச் செல்லுங்கள்.